நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி: பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வருபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று, குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைச் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் கையேடு. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவ மக்களிடையே பணியாற்றிய சேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் அதை 1580-இல் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் எதை முதலில் அச்சிடலாம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு அவசரமாகத் தோன்றியிருக்கிறது. இன்றும் எங்கள் பங்குக் கோவிலில் திருமணத் தயாரிப்புக்கும் ஞானஸ்நானத் தயாரிப்புக்கும் வருகிற பெரியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி அதேதான். "பாவசங்கீர்த்தனம் பண்ணி ரொம்ப வருசம் ஆச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே மறந்துபோச்சு." அவர்களுக்கு வகுப்பில் நான் சொல்லிவருவதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினன் மட்டுமே. குருவானவர் சொல்வதற்கு மாறாக இதில் ஏதேனும் உங்களுக்குப் பட்டால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

பழைய ஞானோபதேசத்தில் இதற்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று மனப்பாடம் செய்வார்கள்: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, அவற்றுக்காக மனஸ்தாபப்படுவது (மனம் வருந்துவது), இனிமேல் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுவது, குருவிடம் சொல்வது, அவர் இடுகிற அபராதத்தைத் தீர்ப்பது. இப்போது இதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம், 'அபராதம்' என்பது பரிகாரம் அல்லது தவமுயற்சி ஆகிவிட்டது. பெயர்கள் மாறினாலும் வரிசை மாறவில்லை. அதையே நானும் பின்பற்றுகிறேன். ஆனால் ஐந்துக்கும் ஒரே அளவு இடம் தரப்போவதில்லை. தடுமாற்றம் முதலாவதிலும் கடைசியிலும்தான் இருக்கிறது.

எப்போது, யாரிடம்

ஆண்டுக்கு ஒரு முறையாவது என்ற விதி 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்திலிருந்து வருகிறது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பும், சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அறிக்கையிடவேண்டும் என்று அதையே சொல்கிறது. பெரும்பாலான பங்குகளில் சனிக்கிழமை மாலையிலும் ஞாயிறு திருப்பலிக்கு முன்பும் குருவானவர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டாகிய தொட்டியில் அமர்ந்திருப்பார். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் வெளியூர்க் குருக்கள் பலர் வந்து கேட்பார்கள். பல ஆண்டு இடைவெளிக்குப் பின் வருகிறவருக்கு அந்தக் கூட்ட நாளை நான் பரிந்துரைப்பதில்லை. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள் என்ற எண்ணமே பாதியை விழுங்கிவிடும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு வார நாளில் அரை மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். சொந்தப் பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அடுத்த பங்குக்குப் போகலாம். வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலங்களுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குருவிடம் மனத்தைக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். அதில் குறை ஒன்றும் இல்லை. இதற்குக் கட்டணமும் கிடையாது.

முகம் தெரியாமல் தட்டிக்குப் பின்னால் முழந்தாளிடலாம், எதிரே நாற்காலியில் அமர்ந்தும் பேசலாம். எதைச் சொன்னாலும் அது வெளியே போகாது. அறிக்கையில் கேட்டதைக் குரு சொல்லாலோ குறிப்பாலோ எக்காரணத்துக்காகவும் வெளிப்படுத்தக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. நேரடியாக மீறுகிற குரு அந்த நொடியே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார், அந்தத் தண்டனையை நீக்கும் உரிமை திருத்தந்தையின் திருப்பீடத்துக்கே உண்டு.

நினைவுக்குக் கொண்டுவருதல்

பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள் இரவு, ஆன்ம சோதனைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது பழைய முறை, குழந்தைகளுக்கு அது பொருந்தும். பெரியவர்களுக்கு நான் வேறு வழி சொல்கிறேன். உங்கள் வாழ்க்கையில் இருக்கிற ஆட்களை ஒவ்வொருவராக மனக்கண்முன் நிறுத்துங்கள்: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், வேலையிடத்தில் உங்களுக்கு மேலே இருப்பவர், கீழே இருப்பவர், வீட்டு வேலை செய்பவர், பக்கத்து வீட்டுக்காரர், சீட்டுக் கட்டுகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் "நான் உனக்கு என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன்?" என்று கேளுங்கள். திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் என்று சொல்லிக்கொண்டு வந்து, 'கடமையில் தவறியதாலும்' என்று முடிக்கிறோமே, அந்தக் கடைசிச் சொல்லில்தான் நம்மில் பலருடைய பெரிய பாவங்கள் ஒளிந்திருக்கின்றன. முதியோர் இல்லத்தில் விட்ட தாயைப் போய்ப் பார்க்காத மாதங்களை எந்தப் பட்டியலும் தானாக நினைவுபடுத்தாது. தாயின் முகத்தை நினைத்தால் நினைவுக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு மொழிச் சிக்கல் குறுக்கிடுகிறது. தமிழில் எழுவாய் தோன்றாமலே வாக்கியம் அமையும். அதனால் பாவத்தைச் சொல்லும்போதே நம்மை அதிலிருந்து கழற்றிக்கொள்ள நம் மொழி எவ்வளவோ வசதி செய்து தருகிறது. "கோபம் வந்துவிட்டது" என்கிறோம், எங்கிருந்தோ பேருந்து ஏறி வந்தது போல. "வாய் தவறி வந்துவிட்டது." "பணம் செலவாகிவிட்டது." "பொய் சொல்லவேண்டியதாயிற்று." இவற்றில் எதிலும் செய்தவன் இல்லை. நான் வகுப்பில் ஒரே ஒரு பயிற்சிதான் தருவேன். நினைவுக்கு வந்ததை ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொரு வரியையும் 'நான்' என்று தொடங்கி, 'ஏன்' விகுதியில் முடியுங்கள். "வீட்டில் சண்டை" என்பதை "நான் என் மகனைப் பிறர் முன்னிலையில் அறைந்தேன்" என்று மாற்றி எழுதும்போது பேனா நிற்கும். நிற்கிற அந்த இடம்தான் ஆன்ம சோதனை. தாளைப் பின்னர் கிழித்து எரித்துவிடுங்கள், சட்டைப் பையில் வைத்தபடி சலவைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்ற குழப்பம் எல்லோருக்கும் உண்டு. கனமான காரியமாக இருக்கவேண்டும், அது கனமானது என்று தெரிந்திருக்கவேண்டும், தெரிந்தே மனம் ஒப்பிச் செய்திருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்தால் சாவான பாவம். அவற்றை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிடவேண்டும். எண்ணிக்கை சரியாக நினைவில்லையென்றால் "மாதம் இரண்டு மூன்று தடவை, நான்கு ஆண்டாக" என்று சொன்னால் போதும். அற்பப் பாவங்களைச் சொல்வது கட்டாயமில்லை, சொல்வது நல்லது.

மனஸ்தாபமும் பிரதிக்கினையும்

அழுகை வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மனஸ்தாபம் என்பது மனத்தின் தீர்மானம், கண்ணீர் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. தாவீது அரசர் தம் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட பின், இறைவாக்கினர் நாத்தான் வந்து ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னார். அதுவரை அந்த அரசருக்குச் சினம் முழுவதும் கதையில் வந்த பணக்காரன்மேல்தான். "நீரே அம்மனிதன்" என்ற பிறகுதான் "பாவம் செய்தேன்" என்ற வார்த்தை வருகிறது. ஐம்பத்தோராம் திருப்பாடலை முந்தின இரவு மெதுவாக ஒரு முறை வாசியுங்கள். 'உத்தம மனஸ்தாப மந்திரம்' நினைவிருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் சொந்த வார்த்தையே போதும்.

பிரதிக்கினை விஷயத்தில் நேர்மை வேண்டும். "இனி ஒருபோதும் கோபப்படமாட்டேன்" என்று சொல்வது இறைவனிடம் பின்தேதியிட்ட காசோலை நீட்டுவது போன்றது. குடியை விடவேண்டுமென்றால் எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவது என்று முடிவு செய்யுங்கள். ஆபாசப் படம் பார்ப்பவர் கைபேசியை இரவில் எந்த அறையில் வைப்பது என்று முடிவு செய்யட்டும். மறுபடியும் விழக்கூடும் என்ற அச்சம் இருப்பதால் பிரதிக்கினை பொய்யாகிவிடாது. விழவே விரும்புகிற மனம் இருந்தால்தான் பொய்யாகும்.

குருவின் முன்

நடப்பது ஐந்து நிமிடம். சிலுவை அடையாளம் வரைந்து, "என்னை ஆசீர்வதியும் சுவாமி, நான் பாவி. பாவசங்கீர்த்தனம் செய்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன" என்று தொடங்குங்கள். இதுகூட மறந்துபோனால், "எப்படிச் சொல்வது என்று மறந்துவிட்டேன், உதவி செய்யுங்கள், ஃபாதர்" என்றாலே போதும், அவரே கேட்டுக்கேட்டு அழைத்துச் செல்வார். இதற்காக எரிந்து விழுகிற குருவை நீங்கள் எப்போதாவது சந்திக்க நேர்ந்தால் வருந்துகிறேன். எழுந்து வேறொருவரிடம் போங்கள், அருட்சாதனத்தை விட்டுவிடாதீர்கள்.

சொல்லக் கூச்சமானதை முதலில் சொல்லுங்கள். கடைசிக்கு வைத்தால், நேரம் ஆகிவிட்டது என்ற சாக்கில் அது உள்ளேயே தங்கிவிடும். காரணங்கள் வேண்டாம், அடுத்தவருடைய பாவமும் வேண்டாம். "என் மாமியார் இருக்கிற இருப்புக்கு..." என்று தொடங்குகிற வாக்கியம் மாமியாருடைய பாவசங்கீர்த்தனம், அவரே வந்து செய்யட்டும். தெரிந்தே ஒரு சாவான பாவத்தை மறைத்தால் மற்றவற்றைச் சொல்லியும் பயனில்லாமல் போகும். மறந்துபோனது வேறு, அது மன்னிப்பில் அடங்கிவிடும், அடுத்த முறை நினைவு வந்தால் சொன்னால் போதும்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, இந்த வகுப்பெல்லாம் எடுக்கத் தொடங்கும் முன், தொட்டியில் முழந்தாளிட்டு "குடும்பத்தில் சிலரோடு மனக்கசப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாவத்துக்குப் போகப் பார்த்தேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்த வயதான குரு, "யாரோடு?" என்றார். "தம்பியோடு, சாமி." "என்ன செஞ்சீங்க?" அப்பா இறந்த பிறகு கிணற்றுப் பங்கில் வந்த தகராறை விளக்கத் தொடங்கினேன். "அது இருக்கட்டும். நீங்க என்ன செஞ்சீங்க?" தொண்டை அடைத்தது. "அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் மனைவியையும் போகவிடவில்லை" என்றேன். ஏழு ஆண்டுகளில் அந்தச் செயலை அப்படி ஒரே வரியில் நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

பின்னர் குரு அபராதம் கட்டளையிடுவார், உங்களை மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லச் சொல்வார், கைகளை விரித்து அல்லது உயர்த்தி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் பாவமன்னிப்பு வழங்குவார். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ" என்று கொடுத்த அதிகாரத்தின் பேரில் அவர் அதைச் செய்கிறார். "ஆமென்" என்று நீங்கள் சொல்லும்போது அது முடிந்தது. அந்தப் பாவங்களை மறுமுறை சொல்லவேண்டியதில்லை.

முடிந்ததை முடிந்ததாக விட முடியாதவர்களும் உண்டு. சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மொன்செராத் மடத்தில் தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிவைத்து மூன்று நாள் அறிக்கையிட்டார். பிறகு மன்ரேசாவில், எதையோ விட்டுவிட்டோம் என்ற சஞ்சலம் அவரை உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எல்லைவரை விரட்டியது. பழையதை மீண்டும் அறிக்கையிடுவதில்லை என்று முடிவுகட்டிய பிறகே அவருக்கு அமைதி கிடைத்தது. வாரத்துக்கு மூன்று முறை வெவ்வேறு குருக்களைத் தேடிப் போகிறவர் நீங்கள் என்றால், ஒரே குருவை வைத்துக்கொண்டு அவர் சொல்வதற்குக் கட்டுப்படுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆகிய சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த நம் உறவினர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆராதனையில் சபையாக எழுந்து நின்று செய்கிற பாவ அறிக்கை உங்கள் வழக்கம். ஆனாலும் லுத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, தனியே செய்யும் பாவ அறிக்கையையும் பாவமன்னிப்பையும் சபைகளில் தொடர்ந்து வைத்திருக்கவேண்டும் என்றே சொல்கிறது. "ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கை செய்யுங்கள்" என்ற யாக்கோபின் வார்த்தை எல்லோருக்கும் பொது. இனி வரும் பகுதிகளும் அப்படியே.

அபராதம் தீர்ப்பதும் ஈடு செய்வதும்

மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற எண்ணம்தான் இந்த அருட்சாதனத்துக்கு நேர்ந்த பெரிய கேடு என்பேன். பாவமன்னிப்பு பாவத்தை அகற்றுகிறது, பாவம் விளைத்த சேதம் அப்படியே கிடக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்யவேண்டும், காயத்துக்கு ஈடுகட்டவேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு என்று பழைய ஏற்பாட்டின் எண்ணிக்கை நூலில் விதி இருந்தபோது, வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார், சொத்தில் பாதியை ஏழைகளுக்கும் எழுதிவைத்தார். அதன் பிறகுதான் "இன்று இவ்வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று" என்று ஆண்டவர் சொல்கிறார்.

பணம் என்றால் வழி தெளிவு. பெயர் சொல்லிக்கொண்டுதான் தரவேண்டும் என்பதில்லை, உரியவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு, வாரிசும் தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாதென்றால் மாதத் தவணையாக. அவதூறு இன்னும் கடினம். வாட்ஸ்அப் குழுவில் எழுப்பிய பழியைத் தனியே ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட முடியாது, "நான் எழுதியது உண்மையல்ல" என்று அதே குழுவில் எழுதவேண்டும். நான் அறிந்தவரை, கொலைப் பழியைவிட இந்த ஒரு வரியை எழுதத்தான் நம்மவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

என் தம்பி விஷயத்தில் அந்தக் குரு இட்ட அபராதம் இதுதான்: "அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிச்சிட்டு வாங்க. வேறொண்ணும் பேச வேண்டாம்." பதினோரு நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து மருந்தடிக்கும் தெளிப்பானின் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தவன் தலை நிமிரவில்லை. அவன் மனைவிதான் "வாங்க மாமா" என்று எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும் வரை அந்த வாஷர் பொருந்தவே இல்லை. பிறகு அவன், என்னைப் பார்க்காமலே, "கல்யாணப் பத்திரிகையில உங்க பேரைப் போட்டுத்தான் அடிச்சேன், அண்ணே" என்றான். அன்று நாங்கள் பேசியது அவ்வளவுதான். கிணற்றுத் தகராறு தீர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின, ஓர் அளவையாளரும் தேவைப்பட்டார்.

மன்னிப்பைக் கொடுப்பது

"எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்று நாள்தோறும் நாமே நிபந்தனை போட்டுச் செபிக்கிறோம். அதைப் புரிந்துகொள்ள மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தைக் கணக்குப் போட்டுப் படிக்கவேண்டும். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம். உவமையில் அரசர் தம் பணியாளன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த பத்தாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி, ஆண்டுக்கு முந்நூறு நாள் உழைத்தாலும் அடைக்க இரண்டு லட்சம் ஆண்டு ஆகும் கடன். வெளியே வந்த அந்தப் பணியாளன் உடன் வேலைக்காரனின் கழுத்தை நெரித்தது நூறு தெனாரியத்துக்காக. நூறு நாள் கூலி சின்னத் தொகை அல்ல என்பதையும் கவனியுங்கள். நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு அற்பமானது என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை.

ஆகவே மன்னிப்பு என்பது "பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை" என்பதாகாது. நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொண்டு, பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது. மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்த கேரளத்து அருட்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கையான அருட்சகோதரி செல்மி பவுல், சிறையிலிருந்த கொலையாளியைப் போய்ப் பார்த்து, 2002-இல் அவரைச் சகோதரனாக ஏற்பதன் அடையாளமாக அவர் கையில் ராக்கிக் கயிறு கட்டினார். ராணி மரியாவுக்கு 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. ராக்கி கட்டப்பட்ட நாளில் அந்த மனிதர் சிறைக்குள்தான் இருந்தார், அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் சிறையில் இருந்தார். மன்னிப்பு வேறு, நீதியின் வழி வேறு, இரண்டும் ஒருசேர நடக்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடிக்கிற கணவனிடம் "மன்னித்து அனுசரித்துப் போ" என்று பெண்களைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம் குடும்பங்களிலும், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களிலும் இருக்கிறது. அது தவறு. அவர் மன்னிக்கலாம், பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டே மன்னிக்கலாம், கொடுத்த புகாரைத் திரும்பப் பெறாமலும் மன்னிக்கலாம். குழந்தைக்குத் தீங்கு செய்தவர் யாராக இருந்தாலும், அங்கி அணிந்தவராக இருந்தாலும், காவல் நிலையத்துக்குப் போவது மன்னிப்புக்கு விரோதமில்லை. மனம் உடனே இளகாது. அதுவரை அந்தப் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இன்னும் என்னால் முடியவில்லை" என்று செபித்தாலும் அது செபம்தான்.

அன்றாடத்தில்

இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். இன்று கிடைத்த ஒரு நன்மைக்கு நன்றி சொல்லுங்கள். காலையிலிருந்து சந்தித்த ஆட்களை மறுபடி வரிசையாக நினையுங்கள். ஒருவரிடமாவது முகம் கொடுத்துப் பேசாமல் போயிருந்தால், அவருக்கு நாளை எத்தனை மணிக்கு என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டுத் தூங்குங்கள். பொழுது சாயுமுன் சினம் தணியுங்கள் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதியதைத் தம்பதியர் அப்படியே கடைப்பிடிக்க முடியாத இரவுகள் இருக்கும். அப்போது காலைக் காப்பி தருகையிலாவது பேசிவிடுங்கள். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் பெற்றோரைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குத் தொட்டியில் முழந்தாளிட யாரும் பெரிதாகச் சொல்லித்தர வேண்டியிருப்பதில்லை என்பதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கான நாளை, வீட்டுக்குத் திரும்பியதும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். மாதம் ஒரு முறை முடிந்தால் நல்லது, மூன்று மாதத்தைத் தாண்டவேண்டாம். அன்று தொடங்கும்போது, போன முறையிலிருந்து இதுவரை எத்தனை வாரம் என்று சொன்ன கையோடு, ஈடு செய்வது எதுவரை வந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்: "அபராதத்தைத் தீர்த்துவிட்டேன், சாமி. சீட்டுப் பணத்தில் மூன்று தவணை கொடுத்திருக்கிறேன், இன்னும் 2,000 ரூபாய் பாக்கி."